முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போகிறீர்களா? டிக்கெட், பை, பணம், நேரம்: ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த முதல் செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நூலகத்துக்குக் கிளம்பினேன். பஸ் வரவில்லை. அன்றைக்கு மட்டும் வழித்தடத்தையே மாற்றிவிட்டிருந்தார்கள். நடந்து போனால், முந்தின நாள் வரை காலியாகக் கிடந்த புல்வெளி முழுக்கக் கூடாரம், கறி சுடும் புகை, பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே நிறச் சட்டை. தேரோட்டத்தன்று தெரியாமல் ரத வீதிக்குள் சைக்கிளோடு நுழைந்துவிட்டவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

சரி, நாமும் ஒரு ஆட்டம் பார்த்துவிடுவோம் என்று இறங்கியதில் அந்த ஆண்டு எனக்கு வீணாய்ப் போனது மொத்தம் 145 டாலர். செல்லாத டிக்கெட்டுக்கு 60, வெளியே வந்துசேர முடியாத இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு 40, தவறவிட்ட பஸ்ஸுக்குப் பதில் வேறு பஸ் பிடித்ததற்கு 35, உள்ளே விடாத முதுகுப்பையைப் பாதுகாக்கக் கொடுத்ததற்கு 10. அந்தக் கணக்கை நீங்களும் எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

இங்கே பேசுவது தலைக்கவசம் போட்டு, இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி. நம் ஊர்க் கால்பந்தை இவர்கள் சாக்கர் என்பார்கள். முதல் நாளே இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. முதலில் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணிக்கும் வழக்கமாக 12 ஆட்டங்கள்தான். அவற்றில் உங்கள் ஊரில் நடப்பவை 6 அல்லது 7. ஐபிஎல்லில் ஒரு அணி 14 லீக் ஆட்டங்களை இரண்டே மாதத்தில் ஆடிவிடும். ஒன்று போனால் நாலு நாளில் அடுத்தது. இங்கே ஒரு சனிக்கிழமை தோற்றால் ஒரு வாரம் ஊரே எழவு வீடு மாதிரி இருக்கும். 2024 சீசனிலிருந்து தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் 12 அணிகளைச் சேர்க்கிறார்கள். அதனால் ஒரு தோல்வியோ இரண்டு தோல்வியோ தாங்கும். மூன்றாவது வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. பரபரப்புக்குப் பாதிக் காரணம் இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டில் ஒரு தப்பைச் செய்வார்கள். ஒன்று, செப்டம்பர் தொடக்கத்தில் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று, பெரிய அணி சின்ன அணியைப் புரட்டி எடுக்கும் ஆட்டத்துக்குப் போவது. பாதி நேரத்திலேயே 40 புள்ளி வித்தியாசம் வந்துவிடும். மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ‘இதற்கா இவ்வளவு அலப்பறை’ என்று நீங்களும் திரும்பிவிடுவீர்கள். (எப்போதுமே அப்படி நடக்கும் என்றும் இல்லை. 2007 செப்டம்பர் 1 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற, கீழ்ப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி மிச்சிகன் அணியை அதன் சொந்த ஸ்டேடியத்திலேயே 34-32 என்று வீழ்த்தியது. ஆனால் அதை நம்பி டிக்கெட் வாங்க முடியாது.) இன்னொன்று, நவம்பர் கடைசியில் வரும் பரம எதிரி ஆட்டத்தையே முதல் ஆட்டமாக வைத்துக்கொள்வது. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் மோதும் ஆட்டம், அலபாமாவும் ஆபர்னும் மோதும் ஆட்டம் இதெல்லாம் அந்த வகை. டிக்கெட் விலை பல மடங்கு. விதி தெரியாமல் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எதற்கு அழுகிறார் என்றே புரியாது.

அக்டோபரில், உங்கள் அணியின் அதே கான்ஃபரன்ஸைச் (தங்களுக்குள் தொடர்ந்து மோதும் அணிகளின் குழு) சேர்ந்த நடுத்தர அணியோடு நடக்கும் ஆட்டத்தைப் பிடியுங்கள். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை, ஆட்டமும் கடைசி வரை நிற்கும்.

வேறு ஊருக்குப் போய்ப் பார்ப்பதானால் அந்த ஊருக்கே உரிய ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கைகள். பென் ஸ்டேட்டில் ஆண்டுக்கு ஒரு ஆட்டத்துக்கு ஸ்டேடியம் முழுக்க வெள்ளைச் சட்டை. மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆளாளுக்கு ஒரு மாட்டுக் கழுத்து மணியைக் கொண்டுவந்து ஆட்டுவார்கள். அதையும் எப்போது ஆட்டலாம், எப்போது கூடாது என்று கான்ஃபரன்ஸ் விதி போட்டு வைத்திருக்கிறது. அயோவாவில் முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) முடிந்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பி, பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கும். 2017இல் தொடங்கிய பழக்கம் அது. நான் ஒரு முறை அங்கே இருந்தேன். எதிரணிக்காரர்களும் கையசைத்தார்கள்.

2. நேரம் தெரியாமல் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்

தேதி மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும், ஆனால் ஆட்டம் தொடங்கும் மணி தெரியாது. டிவி நிறுவனங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. பல ஆட்டங்களுக்கு 12 நாட்களுக்கு முன்புதான் நேரம் அறிவிப்பார்கள், சிலவற்றுக்கு 6 நாட்களுக்கு முன்பு. பொதுவாக கிழக்கு நேரப்படி மதியம் 12, பிற்பகல் 3:30, இரவு 7 அல்லது 7:30 என்று மூன்று வேளை. நான் மதிய ஆட்டமாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, மாலை ஏழு மணிக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். ஆட்டமே ஏழரைக்குத்தான் தொடங்கியது. அந்த 35 டாலர் அப்படிப் போனதுதான்.

டிவி விளம்பரத்தில் காட்டும் நேரம் பெரும்பாலும் கிழக்கு நேரம். டெக்சஸ், அலபாமா, விஸ்கான்சின் எல்லாம் மத்திய நேரம், ஒரு மணி நேரம் குறைவு. டிக்கெட்டில் உள்ளூர் நேரம் என்ன என்று ஒரு முறை சரிபாருங்கள்.

ஆட்டம் கணக்குக்கு 60 நிமிடம். நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 15 நிமிடம். நம்பாதீர்கள். இடைவேளை 20 நிமிடம், விளம்பரம், மறுபரிசீலனை எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஆகும். போக, வர, வரிசையில் நிற்க என்று கூட்டினால் ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். ஞாயிறு இரவு அசைன்மென்ட் இருந்தால் வெள்ளியே முடித்துவிடுங்கள்.

வெளியூர் ஆட்டமானால் ஹோட்டல்தான் கழுத்தை அறுக்கும். ஆட்ட வார இறுதியில் கல்லூரி ஊர்களில் வாடகை இரண்டு மூன்று மடங்காகும். இரண்டு இரவு கட்டாயம் என்றும் சொல்வார்கள். 40 மைல் தள்ளி இருக்கும் ஊரில் தங்குங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக அட்டவணை வந்த மாதமே போட்டுவையுங்கள்.

3. டிக்கெட்

நீங்கள் மாணவரா? அப்படியானால் பல்கலைக்கழகத்தின் மாணவர் சீசன் டிக்கெட்டை விட மலிவான வழி கிடையாது. ஆனால் பல இடங்களில் அதை வசந்த காலத்திலோ கோடையிலோ விற்று முடித்துவிடுவார்கள். நாம் விசா நேர்முகத்துக்குத் தேதி கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கும் மாதங்கள் அவை. சேர்க்கைக் கடிதம் வந்து மாணவர் எண்ணும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் கிடைத்தவுடன், விமான டிக்கெட்டுக்கு முன்னாலேயே, விளையாட்டுத் துறையின் டிக்கெட் பக்கத்தில் கணக்கு தொடங்கி விற்பனைத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில பல்கலைக்கழகங்களில் சீசன் டிக்கெட் என்பது பாஸ் மட்டும்தான். ஒவ்வொரு ஆட்ட வாரமும் தனியாக டிக்கெட் கேட்டு வாங்க வேண்டும். மேல் வகுப்பினருக்கு முதல் நாள், கீழ் வகுப்பினருக்குக் கடைசி நாள் என்று வரிசை இருக்கும். முதுகலை மாணவர்களைப் பெரும்பாலும் மேல் வகுப்போடுதான் சேர்ப்பார்கள். அந்தச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது என் 60 டாலர் கதை. நான் வந்தபோது மாணவர் டிக்கெட் தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் டிக்கெட்டை விற்றார். பணம் அனுப்பினேன், அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வாசலில் நின்ற பெண் அதைப் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டிவிட்டார். டிக்கெட்டில் உள்ள பார்கோடு சில நொடிக்கொரு முறை மாறிக்கொண்டே இருக்கும் வகை, ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலி வழியாக என் கணக்குக்கு மாற்றியிருக்க வேண்டும். விற்றவருக்கு போன் போட்டேன். அவர் ஸ்டேடியத்துக்கு வெளியே கூடாரத்தில் இருந்தார். லட்சம் பேர் ஒரே இடத்தில் போனை நோண்டினால் சிக்னல் எங்கே கிடைக்கும்? முதல் முறை புள்ளி விழுந்ததற்கு உள்ளேயிருந்து வந்த இரைச்சலைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

ஆகவே:

- உங்கள் கணக்குக்கு டிக்கெட் மாறி வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.
- அது மாணவர் டிக்கெட்டா, பொது டிக்கெட்டா என்று கேளுங்கள். மாணவர் டிக்கெட்டுக்கு வாசலில் மாணவர் அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த அண்ணனை அதில் கூட்டிப்போக முடியாது. சில இடங்களில் வித்தியாசத் தொகை கட்டிப் பொது டிக்கெட்டாக மாற்றித் தருவார்கள். அதற்கும் கெடு உண்டு, பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தின நாளோ அதற்கு முன்போ.
- வீட்டை விட்டுக் கிளம்பும் முன், வைஃபை இருக்கும்போதே, டிக்கெட்டை போனின் வாலட்டில் சேமியுங்கள். மூன்று அறிவுரைகளில் ஒன்றைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள்.

மறுவிற்பனைத் தளங்களில் வாங்கினால், 2025 மே 12 முதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. அதற்கு முன்பு 50 டாலர் என்று காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். பெரிய எதிரணி இல்லாத ஆட்டத்துக்கு, தொடங்க இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது விலை விழும். நான் 70 டாலர் சொன்ன இருக்கையை அன்று காலை 28க்கு வாங்கியிருக்கிறேன். மழை வரும் என்று சொன்ன நாள் அது.

4. விதிகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள்

முழு விதிப்புத்தகம் வேண்டாம். மைதானம் 100 யார்டு, அதாவது 100 கெஜம் நீளம். இரண்டு கோடியிலும் 10 யார்டு இறுதிப் பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பின் உதைத்து ஒரு புள்ளியோ, இன்னொரு முறை உள்ளே கொண்டுபோய் 2 புள்ளியோ சேர்க்கலாம். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி.

ஸ்கோர் பலகையில் ‘3’ என்றும் ‘7’ என்றும் சேர்த்துக் காட்டினால், மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு வேண்டும் என்று பொருள். அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், ஆட்டம் தானாகத் திறந்துகொள்ளும். நான்காவது முயற்சியில் பெரும்பாலும் பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துவிடுவார்கள். அதனால் மூன்றாவதுதான் உயிர்நிலை. கடைசி ஓவரில் 10 ரன் வேண்டும் என்கிற நிலை ஒரு சேஸிங்கில் ஒரு முறை வரும். இங்கே அது ஆட்டத்துக்கு இருபது முப்பது முறை வருகிறது. ‘இரண்டு நொடி ஓடிவிட்டு ஒரு நிமிடம் நிற்கிறார்களே’ என்று நானும் சலித்துக்கொண்டவன்தான். அந்த நிற்கும் நேரத்தில்தான் ‘ஓடுவானா, எறிவானா’ என்று பக்கத்து இருக்கைக்காரரோடு வாதாட வேண்டும். பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும்போது ஃபீல்டிங்கைப் பார்த்து நாம் ஜோசியம் சொல்வதில்லையா?

டிவியில் தொழில்முறை ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசம் சொல்லவேண்டும். கல்லூரி ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடிப்பவரின் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், அங்கே இரண்டும் பட வேண்டும். சமனில் முடிந்தால் இங்கே ஓவர்டைம் முறையே வேறு. இரு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. மூன்றாவது ஓவர்டைமிலிருந்து மாறி மாறி இரண்டு புள்ளி முயற்சி மட்டும். கால்பந்தின் பெனால்டி மாதிரி. 2021 அக்டோபரில் இலினாயும் பென் ஸ்டேட்டும் இப்படி ஒன்பது ஓவர்டைம் போய், இலினாய் 20-18 என்று வென்றது. நெஞ்சுவலிக்காரர்கள் எட்டாவதில் எழுந்து போயிருப்பார்கள்.

5. பை, சட்டை, அடையாள அட்டை

முதுகுப்பை கிடையாது, ஹேண்ட்பேக் கிடையாது, லேப்டாப் கூடவே கூடாது. பெரும்பாலான ஸ்டேடியங்களில் 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்குள் இருக்கும், உள்ளே இருப்பது தெரியும் ஒளிபுகும் பை ஒன்று மட்டும். அல்லது ஒரு கேலன் ஜிப் பை. உள்ளங்கை அளவு சின்ன பர்ஸ் தனியாக அனுமதி. சில இடங்களில் எந்தப் பையுமே கூடாது. மருந்து, குழந்தைப் பொருட்கள் இருந்தால் அதற்கென்று தனி வாசல் இருக்கும். குடையும் கூடாது, மழைக்கோட்டு மட்டும். கடையில் ஒன்றரை டாலருக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு உள்ளே 10 டாலர்.

சட்டை நிறம் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கையில் கிடைத்தது என்று நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். எதிரணியின் நிறம் சிவப்பு. யாரும் அடிக்கவில்லை, ஆனால் மூன்றரை மணி நேரம் மாணவர் பகுதியில் ஒருத்தர் விடாமல் நலம் விசாரித்தார்கள். எந்த நிறம் என்று தெரியாவிட்டால் சாம்பல் நிறம் பத்திரம். சாம்பலையும் தன் நிறமாக வைத்திருக்கும் ஒஹாயோ ஸ்டேட் வரும் நாளில் அதுவும் பத்திரமில்லை. புதுச் சட்டை வளாகக் கடையில் 35 டாலர் என்றால், ஊர் ஓரத்துப் பழந்துணிக் கடையில் அதே சின்னம் போட்டது 4 டாலருக்குக் கிடைக்கும்.

மாணவர் அட்டையை மறக்காதீர்கள். உள்ளே பீர் விற்கும் ஸ்டேடியங்களில் 21 வயது நிரம்பியதற்குச் சான்று கேட்பார்கள். இதற்காகவே மாநில அடையாள அட்டையோ ஓட்டுநர் உரிமமோ முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பல ஸ்டேடியங்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை, அதனால் வங்கி அட்டை வேண்டும்.

6. காலையிலேயே போங்கள்

ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிடும் இந்தச் சடங்குக்கு டெயில்கேட் என்று பெயர். தெரியாதவர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு முறை நான் எலுமிச்சைச் சோறு கொண்டுபோய் மறு வாரமும் கேட்டு வாங்கினார்கள். நிலக்கடலை போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே கடலை ஒவ்வாமை நிறைய. சைவம் சாப்பிடுகிறவர்கள் அடுப்பில் இருப்பதை நம்ப வேண்டாம். பீன்ஸில்கூடப் பன்றிக்கறி கிடக்கும். ஸ்டேடியத்துக்குள் பிரெட்ஸல், நாச்சோ, பாப்கார்ன், உருளை வறுவல் கிடைக்கும், அவ்வளவுதான்.

வண்டி நிறுத்தும் இடம் அதிகாரபூர்வமானதென்றால் முன்பே அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் அட்டையில் ‘40’ என்று எழுதித் தூக்கிப்பிடித்துத் தங்கள் தோட்டத்தில் நிறுத்த விடுவார்கள். அதில் ஒரு கண்ணி உண்டு. உங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டியை நெருக்கி நிறுத்துவார்கள். நாங்கள் ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரம் அடுத்தவர் குடித்து முடித்துச் சாவியோடு வரும் வரை காத்திருந்தோம். ‘எளிதாக வெளியேறலாம்’ என்று எழுதியிருக்கும் வீட்டில் ஐந்து டாலர் கூடக் கொடுத்து நிறுத்துங்கள். அதைவிட நல்லது, இரண்டு மைல் தள்ளி இலவசமாக விட்டுவிட்டு நடப்பது.

இன்னொன்று. கிழக்கு நேரப்படி மதியம் 12 மணி ஆட்டம் தொடங்கும்போது நம் ஊரில் இரவு ஒன்பதரை. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு பத்தரை. அம்மாவுக்கு போன் பேசுவதென்றால் உள்ளே போவதற்கு முன் பேசிவிடுங்கள். உள்ளே சிக்னல் இருக்காது, அங்கே பதறிக்கொண்டிருப்பார்கள்.

7. உள்ளே போன பிறகு

தொடங்குவதற்கு 45 நிமிடம் முன்பாவது இருக்கையில் இருங்கள். இசைக்குழு அணிவகுத்து வருவதும், அணி சுரங்கவழியிலிருந்து ஓடி வருவதும் அப்போதுதான். மாணவர் பகுதியில் இருக்கை என்பது பெயருக்குத்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றே பார்ப்பார்கள். முட்டி வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப்போவதானால் பொதுப் பகுதியில் வாங்குங்கள்.

கத்துவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் விசிலடித்துப் பழகிய வாய், நம் அணி பந்தோடு வரிசையில் நின்றதும் அடித்தொண்டையில் கத்தினேன். சுற்றிலும் அமைதி, முன்வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாகத் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். பக்கத்திலிருந்த திருநெல்வேலி அண்ணன் காதில் சொன்னார்: “தம்பி, நம்மாளு சிக்னல் சொல்லுதான். இப்ப கத்தினா அவனுக்கே கேக்காது. எதிரி கையில பந்து போகட்டும், அப்புறம் உசுரக் குடுத்துக் கத்து.”

கணக்கு அவ்வளவுதான். நம் அணி தாக்கும்போது பேச்சைக் குறையுங்கள். எதிரணி தாக்கும்போது, அதுவும் மூன்றாவது முயற்சியில், முடிந்த மட்டும் கத்துங்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) சொல்வது சக வீரர்களுக்குக் கேட்காமல் போய், ஒருவர் நேரத்துக்கு முன்பே அசைந்துவிட்டால் 5 யார்டு தண்டனை. லட்சம் பேரின் தொண்டை மைதானத்தில் பந்தை நகர்த்துகிறது. முதல் முறை அப்படி நடுவரின் தண்டனைக் கொடி விழுந்தபோது அந்த 5 யார்டில் என் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆட்டம் பிடித்தது. விசில் மட்டும் வேண்டாம். நடுவரின் விசிலோடு குழம்பும் என்று அதையும் ஊதுகுழலையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இடைவேளைக்குக் கழிப்பறை வரிசையில் நிற்காதீர்கள். எல்லோரும் அப்போதுதான் போவார்கள், நீங்கள் இசைக்குழுவையும் இழப்பீர்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் இருநூறு பேர் போல நடந்தே ‘ஒஹாயோ’ என்று கையெழுத்தில் எழுதி, கடைசியில் சூசஃபோன் என்ற பெரிய ஊதுவாத்தியம் வைத்திருக்கும் ஒருவர் மிடுக்காக நடந்து வந்து ஆங்கில ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். அந்தப் புள்ளிக்கு விழும் கைத்தட்டல் சில டச் டவுன்களுக்கே விழாது. இரண்டாம் குவார்ட்டரில் நான்கு நிமிடம் மீதம் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

செலவுக்கு: உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் 5 டாலர், நாச்சோ 9, என் கணக்கில். சில ஸ்டேடியங்கள் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே விடும், சில காலி பாட்டிலை மட்டும். முன்பே பாருங்கள். ஒரு முறை வெளியே போனால் பெரும்பாலும் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

8. இடி, குளிர்

எட்டு மைல் தூரத்துக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கணக்கு. நடுவில் இன்னொன்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. தாமதத்துக்காக டிக்கெட் பணம் திரும்பாது.

நவம்பரில் வடக்கே அலுமினிய பெஞ்சில் உட்காருவது ஐஸ் பெட்டி மேல் உட்காருவதுதான். மெத்தைத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். காலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு நின்றால் சிமென்ட்டின் குளிர் ஏறாது. உள்ளூர்க் கிழவர்களிடம் கற்றது, ஒரு காசு செலவில்லை.

9. கடைசி வரை இருங்கள், ஆனால் மைதானத்தில் குதிக்காதீர்கள்

நெரிசலுக்கு முன் கிளம்பலாம் என்று மூன்றாம் குவார்ட்டரில் நான் எழுந்து வந்த ஆட்டத்தில், நம் அணி 17 புள்ளி பின்தங்கி இருந்து வென்றது. ஷட்டில் பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தச் செய்தியைக் கேட்டேன். 2013 நவம்பர் 30 அன்று ஆபர்னில் 28-28 என்று இருக்க, ஒரே ஒரு நொடி மீதம். அலபாமா தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்ட் கோல் குறைந்து விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைத் தன் இறுதிப் பகுதிக்குள்ளேயே பிடித்து மறுகோடி வரை ஓடி 34-28 என்று முடித்துவிட்டார். அன்றைக்கும் யாரோ நெரிசலுக்குப் பயந்து முன்னாலேயே போயிருப்பார்கள்.

பெரிய வெற்றி என்றால் மாணவர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்குவார்கள். 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வென்றதும் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருவழியே தூக்கிப்போய்க் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். பார்க்க ஆசையாக இருக்கும். நெரிசலில் மிதிபடும் ஆபத்து ஒருபுறம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அத்துமீறல் வழக்கு ஒன்று தன் பெயரில் பதிவானால் விசா புதுப்பிக்கும்போது என்ன பதில் சொல்வது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுங்கள், போதும்.

ஆட்டம் முடிந்ததும் உடனே வாசலுக்கு ஓடாதீர்கள். பல இடங்களில் வீரர்கள் மாணவர் பகுதிக்கு முன் வந்து நின்று கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள். விஸ்கான்சினில் இசைக்குழு அதற்குப் பிறகும் வாசிக்கும், அதற்கு ‘ஐந்தாம் குவார்ட்டர்’ என்றே பெயர். முக்கால் மணி நேரம் அப்படிக் கழிந்தால் சாலையும் காலியாகும். எங்கள் ஊரில் கடைசி ஷட்டில் ஆட்டம் முடிந்து 90 நிமிடம் வரை ஓடும். உங்கள் ஊரில் எவ்வளவு நேரம் என்று வெள்ளிக்கிழமையே பார்த்து வையுங்கள்.